உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி வழியே எடுக்கும் படங்கள்

மாடிப் பேருந்தின் முன்ஜன்னல், நகைக்கடை ஷோகேஸ், அரும்பொருளகப் பேழை, ராட்டினக் கூண்டு, ஓட்டல் அறை என்று சிங்கப்பூரில் கேமராவுக்கும் காட்சிக்கும் நடுவே எப்போதும் ஒரு கண்ணாடி நிற்கிறது. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் கோபுரத்தின் மேல் நம் சட்டை தெரிகிறது, மல்லிகைச் சரத்தில் பச்சை ஏறியிருக்கிறது. தேக்கா வண்ணத்தால் வாழும் பேட்டை. அந்த வண்ணம் படத்திலும் பழுதில்லாமல் வர வேண்டும் என்பதற்காகத் திரட்டிய செய்திகள் இவை.

எட்டு விழுக்காடு

சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8. குளிர்சாதனச் செலவைக் குறைக்க இரட்டைக் கண்ணாடி போட்ட அறையில் பக்கங்கள் நான்கு. அங்கே ஏறத்தாழ 15 விழுக்காடு திரும்பி வரும்.

நண்பகலில் இதைப் பற்றிக் கவலையே இல்லை. வெளியே இருக்கும் வெயில் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு வலுவானது. அதன் முன்னால் அறையின் 8 விழுக்காடு காணாமல் போய்விடும். இரவு எட்டு மணிக்கு நிலைமை தலைகீழ். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. உங்கள் முகமும் மேசை விளக்கும் ஊர்க் காட்சியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதல் மருந்து காசு கேட்காதது. படம் எடுக்கும் முன் அறை விளக்கை, தொலைக்காட்சியை, குளிர்சாதனப் பெட்டியின் சிறு சிவப்பு விளக்கைக்கூட அணைத்துவிடுங்கள். குளியலறைக் கதவைச் சாத்த மறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கேம்பல் லேனில் ஒரு பாடம்

2015 மே 7 அன்று திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு இதே கணக்கைத் தினமும் செய்துகாட்டுகிறது. வட இந்தியப் படிக்கிணறுகளை மனத்தில் வைத்து வடிவமைத்த கட்டடம் அது. பகலில் அதன் கண்ணாடி முகப்பு வானத்தையும் எதிர்க்கடைகளையும் வாங்கிப் பளபளக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று சரியாகப் பிடிபடாது. இருட்டியதும் உள்விளக்குகள் வெல்ல, பின்னாலிருக்கும் சுவரோவியம் முழுதாக வெளிவரும். முகப்பை எடுக்க வேண்டுமானால் மாலை ஏழேகால் மணி வாக்கில் எதிர்ப்பக்க நடைபாதையில் நில்லுங்கள். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போது உள்ளும் வெளியும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் சூரியன் மறைவது 6.50க்கும் 7.20க்கும் இடையில்தான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தி நீளாது. இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது.

கறுப்புச் சட்டைக்கு மதிப்பு

படத்தில் விழும் பிரதிபலிப்பில் பெரும்பகுதி படம் எடுப்பவருடையதுதான். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை, பளபளக்கும் வாட்ச் எல்லாம் கண்ணாடியில் ஏறும். கறுப்பு உடை அணிந்தால் உங்கள் நிழலுருவம் விழுந்த இடத்தில்தான் கண்ணாடிக்கு அப்பாலுள்ள காட்சி மிகத் தெளிவாகத் தெரியும். இன்னும் நல்ல வழி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவிடுவது. இடைவெளி இல்லையென்றால் பிரதிபலிக்க ஒளிக்கு வழியில்லை. பெரிய கேமராவுக்கு மடங்கும் ரப்பர் ஹூட் கிடைக்கிறது. போன் என்றால் லென்ஸைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. கறுப்புத் துப்பட்டா ஒன்றை லென்ஸைச் சுற்றிப் போர்த்தி எடுப்பவர்களும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2010-இல் பொருத்திய குபோலா அறையின் ஏழு ஜன்னல்களில் படம் எடுக்கும் விண்வெளி வீரர்களும் இரவு நகரங்களை எடுக்கக் கறுப்புத் துணியைத்தான் நம்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஓடும் பேருந்தில் லென்ஸைக் கண்ணாடியோடு அழுத்தாதீர்கள். எஞ்சின் அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கிவிடும். ஒரு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் கையால் மறைப்பதே சரி.

பச்சை எங்கிருந்து வருகிறது?

ஒரு கண்ணாடித் தகட்டை நேராகப் பார்த்தால் நிறமில்லை. அதன் விளிம்பைப் பாருங்கள், கரும்பச்சை. கண்ணாடிக்கு மூலமான மணலில் இருக்கும் மிகச் சிறிதளவு இரும்பு ஆக்ஸைடுதான் காரணம். அது சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. நம் கண் இதை உடனே சரிசெய்துகொண்டு பழகிவிடும், கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கண்ணாடி தடிக்கத் தடிக்கப் பச்சை கூடும். சாய்வாக எடுத்தால் ஒளி கண்ணாடிக்குள் கடக்கும் தொலைவும் கூடும். ஆகவே அகலமான லென்ஸில் எடுத்த படத்தின் நடுவில் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும் பச்சை தெரியலாம்.

இதைச் சரிசெய்ய வெப்பநிலைப் பட்டையை மட்டும் இழுத்துப் பயனில்லை. அது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலானது. பச்சைக்கு மருந்து டின்ட் என்ற இரண்டாவது பட்டை. அதைப் பச்சையிலிருந்து மெஜந்தா பக்கம் மெல்ல நகர்த்துங்கள். ஸ்னாப்சீட், லைட்ரூம் இரண்டிலும் ஒயிட் பேலன்ஸுக்குள் இரண்டு பட்டைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓரங்களில் மட்டும் பச்சை தங்கினால் அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுத் திருத்த வேண்டும். படம் முழுவதற்கும் ஒரே அளவு மெஜந்தா போட்டால் நடுவில் நிற்பவர்களின் முகம் சிவந்துவிடும்.

முடிந்தவர்கள் ரா கோப்பாக எடுங்கள். ஜேபெக் கோப்பில் நிறத்தைக் கேமரா முன்கூட்டியே முடிவுசெய்து பூட்டிவிடுகிறது. கண்ணாடி விழுங்கிய சிவப்பை அதிலிருந்து மீட்டால் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும். இரும்பு குறைந்த கண்ணாடி என்று தனியாக ஒரு ரகம் உண்டு. நல்ல அரும்பொருளகங்கள் பேழைகளுக்கு அதையே தேடி வாங்குவது இதற்காகத்தான்.

வேட்டியை நம்பலாமா?

நிறத்தைத் திருத்த, படத்தில் வெள்ளையாக இருக்கும் ஒன்றைத் தொட்டுக்காட்டினால் போதும், மென்பொருள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நம் படங்களில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. வேட்டி, மல்லிகை, விபூதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேட்டி நம்ப முடியாத சாட்சி. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி உண்மையில் இளநீலம். போதாக்குறைக்குச் சலவைத்தூளில் ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலிலுள்ள புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும். அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால் படம் முழுக்க மஞ்சள் ஏறும். மல்லிகை பொழுது சாய்வதற்குள் மங்கலாகி வெண்ணெய் நிறத்துக்குப் போய்விடும். அதைத் தொட்டால் படம் நீலமாகும். இருப்பவற்றில் விபூதிப் பட்டை தேவலாம். என்னைக் கேட்டால் சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது. யாராவது ஒருவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் மற்ற எல்லாப் படங்களுக்கும் அதுவே அளவுகோல். அட்டை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒன்றும் தெரியவராது.

தானே மங்கும் ஜன்னல்

1999-இல் ஓடத் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி. வீவக புளோக்குகளை உரசிக்கொண்டு போகும் தடம். குடியிருப்பவர்களின் வரவேற்பறையைப் பயணிகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக, வீடுகளை நெருங்கும்போது ரயிலின் ஜன்னல்கள் தாமாகவே வெளுத்துவிடும். கொஞ்ச தூரம் போனதும் மீண்டும் தெளியும். இவ்வகைக் கண்ணாடிக்குள் திரவப் படிகப் படலம் இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது தெளிவு, நின்றதும் மூட்டம். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது திரை வெள்ளையானால் போனில் கோளாறு இல்லை. அங்கே மறைவது அடுத்தவர் வீட்டு அந்தரங்கம், அதை எந்த மென்பொருளாலும் தெளியவைக்க வேண்டாம்.

டாக்சியில் எந்த ஜன்னல்?

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி காரின் முன்கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். பின்பக்க ஜன்னல்களுக்கு 25 விழுக்காடு போதும். பின் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்து ஜன்னல் வழியே எடுத்தால் நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தில் எடுப்பதாகக்கூட ஆகலாம். தீபாவளி ஒளியூட்டைக் காரிலிருந்து எடுக்கும் ஆசை இருந்தால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமருங்கள். அல்லது ஜன்னலை இறக்கச் சொல்லுங்கள்.

மாலை வெயிலில் ஒரு ஜன்னல்

1808. பாரிஸில் எத்தியன் லூயி மாலுஸ் என்ற பொறியாளர் தன் வீட்டில் இருந்தபடி, எதிரே லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும். அதைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது, மற்றொன்று கூடியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1815-இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் அதற்குக் கோணக் கணக்கைக் கண்டுபிடித்தார். கண்ணாடிக்கு அது சுமார் 56 டிகிரி.

கேமராக்காரர்கள் லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் செய்வது மாலுஸின் படிகம் செய்த வேலைதான். ஆனால் அதை வாங்கி மாட்டிக்கொண்டு ஷோகேஸின் நேர் எதிரே நிற்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். நேராக நின்றால் போலரைசர் பிரதிபலிப்பைத் துளிகூட வெட்டாது. நேர் எதிர் நிலையிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணாடியை நன்றாகச் சாய்வாகப் பார்க்கும் இடத்துக்கு வாருங்கள். பாதிக்கும் சற்று மேலே சாய்ந்தால் அந்த 56 டிகிரி வந்துவிடும். பிறகு வளையத்தைத் திருப்புங்கள். சிராங்கூன் சாலையும் அதில் ஓடும் பேருந்தும் கண்ணாடியிலிருந்து நழுவிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். போனுக்குப் போலரைசர் இல்லாதவர்கள், போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி இருந்தால் அதை லென்ஸின் முன்னே பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் என்பதால் இருட்டில் இது உதவாது.

திருச்சிக்காரரின் நிகோல் பட்டகம்

இதே வித்தையைத் தமிழர் ஒருவர் கடலின் மேல் செய்தார். 1921-இல் சர் சி. வி. ராமன் முதன்முறையாக ஐரோப்பா போனார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கிவிட்டது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று இயற்பியலறிஞர் ராலே பிரபு சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னதை ராமன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் நர்குண்டா கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி, ஒளியை ஒரே தளத்தில் வடிக்கும் நிகோல் பட்டகத்தின் வழியே கடலைச் சரியான சாய்வில் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு அணைந்துபோனது. நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் குறிப்பு அதே ஆண்டு நவம்பரில் நேச்சர் இதழில் வெளியானது. அந்தச் சிதறல் ஆராய்ச்சியே வளர்ந்து 1928-இல் ராமன் விளைவாகவும் 1930-இல் நோபெல் பரிசாகவும் முடிந்தது.

மரினா விரிகுடாவை எடுக்கும்போது போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். நீரின் மேல் கிடக்கும் வெள்ளைப் பளபளப்பு விலகி உள்நிறம் தெரியும். அன்று ராமன் பார்த்தது அதைத்தான்.

வானவில் பூத்தால்

விமானம் சாங்கியை நெருங்கும்போது கீழே கப்பல்கள் அணிவகுத்து நிற்கும் காட்சி அழகு. அதைப் போலரைசருடன் எடுத்தால் ஜன்னல் முழுக்க வானவில் பட்டைகள் பூக்கும். விமானத்தின் அக்ரிலிக் ஜன்னலில் உறைந்திருக்கும் இழுவிசைதான் அப்படி நிறமாகத் தெரிகிறது. சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்த கார் ஜன்னலிலும் இதேபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு இடத்திலும் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். பின்னால் எடுத்துச் சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம், அந்த நிறங்களைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தங்கம் தப்பிக்கும்

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை. சிவப்பு வெல்வெட்டில் காசுமாலை. மேலே மஞ்சள் எல்இடி, வெளியே நீலம் கலந்த பகல் வெளிச்சம். ஒவ்வொரு காசிலும் லட்சுமி உருவம் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் நடுக்காசுகளின் மேல் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை இடவலம் மாறிய எழுத்தில் கிடக்கிறது. போனைத் தூக்கியதும் கடைக்காரர் வாசலுக்கு வருகிறார். “எடுங்கண்ணே, பரவாயில்ல. ஆனா அந்த பஸ் போவட்டும். அது போனாதான் காசு தெரியும்.” வருடக்கணக்கில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவருக்கு எந்த வேளையில் எது அதில் விழும் என்பது அத்துப்படி.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போலரைசர் வெட்டுவதுபோல் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டாது. ஆகவே சாய்வாக நின்று போலரைசரைத் திருப்பினால் பெயர்ப்பலகை போய்விடும், பொன்னின் மினுக்கம் பெரும்பாலும் நிற்கும். தங்க ரேக்கு ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதுதான் வழி. கிருஷ்ணர் முகத்தின் மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சம் மறையும், கிரீடம் மங்காது. நிறத்தைத் திருத்தும்போது மட்டும் கவனம். தானியங்கித் திருத்தம் மஞ்சளைப் பழுதென்று எண்ணிக் குறைத்துவிடும். இருபத்திரண்டு காரட் நகை பித்தளையாகவோ வெள்ளியாகவோ வெளிறிப்போகும். அங்கே கையால் திருத்துவதே முறை.

பிரதிபலிப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கண்ணாடியின் மேல் இல்லை. நீங்கள் கண்ணாடிக்கு ஒரு மீட்டர் இந்தப் பக்கம் நின்றால் உங்கள் பிம்பம் ஒரு மீட்டர் அந்தப் பக்கம் நிற்கும். கேமராவுக்கு அது இரண்டு மீட்டர் தொலைவு. வீரமாகாளியம்மன் கோபுரம் நாற்பது மீட்டரில் இருந்தால், அபர்ச்சரை நன்றாகத் திறந்து கோபுரத்தில் ஃபோகஸ் வைத்தால் உங்கள் பிம்பம் கலங்கலாகி, கண்ணாடித் தூசியும் மழைத்துளியும் அடையாளம் இல்லாமல் கரையும். போனில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். இல்லையென்றால் அது கண்ணாடியில் யாரோ வைத்த விரல்ரேகையைத் துல்லியமாக எடுத்துக் கொடுக்கும்.

ஜொகூர் பாருவில் 1922-இல் எழுந்த ராஜகாளியம்மன் கோயில் இன்று சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயில். பாலம் கடந்து போகும் சிங்கப்பூர்த் தமிழர்கள் கட்டாயம் படம் எடுக்கும் இடம். சுவரின் கண்ணாடியில் ஃபோகஸ் வைத்தால் துண்டுகளின் விளிம்பு கூர்மையாக வரும், உள்ளே தெரியும் விளக்கு கலங்கும். விளக்கில் வைத்தால் மாறி நடக்கும். இரண்டும் வேண்டுமென்றால் அபர்ச்சரைச் சுருக்குங்கள்.

பச்சைப் புள்ளி கண்ணாடியில் இல்லை

தீபாவளி ஒளியூட்டைப் போனில் எடுத்தால் இருட்டு வானத்தில் பச்சைப் புள்ளிகள் மிதக்கும். பலரும் ஜன்னலைக் குறை சொல்கிறார்கள். அவை பெரும்பாலும் லென்ஸுக்குள்ளேயே நடக்கும் பிரதிபலிப்பு. சோதிப்பது சுலபம். படத்தின் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் விளக்கு, நேர் எதிர்ப்பக்கத்தில் அதே தொலைவில் தலைகீழாகப் பச்சைப் புள்ளி என்று இருந்தால் குற்றவாளி லென்ஸ். போனைச் சற்றே திருப்பினால் புள்ளி நகர்ந்து ஒரு விளக்கின் மேலேயே ஒளிந்துகொள்ளும். பிறகு அழிக்கவும் வேண்டியதில்லை.

லென்ஸுகளுக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. காற்றுப்பட்டு மங்கிய பழைய கண்ணாடி புதியதைவிடக் குறைவாகப் பிரதிபலிப்பதை 1886-இலேயே கண்டவர் அதே ராலே பிரபு. 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா லென்ஸ் பூச்சுக்கு வழி கண்டார். 1938-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் கேத்தரின் பிளாட்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி மூலக்கூறு மூலக்கூறாக அடுக்கிய படலத்தால் கண்ணாடியை ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாமலே ஆக்கிக்காட்டினார்.

குளிரிலிருந்து வெயிலுக்கு

கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடம் 2012-இல் திறக்கப்பட்டது. 42 விதமான வடிவ அளவுகளில் 3,332 கண்ணாடித் தகடுகள். உலகின் மிகப் பெரிய கண்ணாடிப் பசுமைக்குடில் என்று 2015-இல் கின்னஸ் பதிந்தது. வெப்பத்தைத் தடுத்து வெளிச்சத்தை விடும் பூச்சு போட்ட கண்ணாடி என்பதால் உள்ளிருந்து எடுக்கும் மரினா பே சாண்ட்ஸ் படத்தில் நிறம் மாறும். அதைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது வெளியே வரும்போது லென்ஸில் படியும் பனி. இருபத்து நான்கு டிகிரியிலிருந்து முப்பத்திரண்டு டிகிரி ஈரக்காற்றுக்கு வந்ததும் கேமரா வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். உள்ளேயே கேமராவை ஜிப் பைக்குள் மூடி, வெளியே வந்து கால் மணி நேரம் பொறுத்துத் திறங்கள்.

ஓட்டல் அறைகளிலும் இதே சிக்கல். குளிரூட்டிய அறையின் ஜன்னலில் வெளிப்பக்கம்தான் பனி பிடிக்கும். உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதிகாலைப் படம் வேண்டுமானால் முந்தின இரவே குளிர்சாதனத்தின் அளவைத் தளர்த்திவையுங்கள்.

ராட்டினமும் மீன்தொட்டியும்

சிங்கப்பூர் ராட்டினம் 165 மீட்டர் உயரம், 28 கூண்டுகள், ஒரு சுற்றுக்கு அரை மணி. கூண்டின் கண்ணாடி வளைந்தது. வளைவு உங்களுக்கு நேர் எதிரே சமமாக இருக்கும் இடத்தில் லென்ஸை வையுங்கள், நேர்க்கோடுகள் நெளியாது.

செந்தோசாவின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இருக்கும் பெரிய பலகம் 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். 2012-இல் திறந்தபோது உலகிலேயே பெரியது. அது அக்ரிலிக், ஆகவே கண்ணாடியின் இரும்புப் பச்சை இல்லை. ஆனால் தண்ணீரே சிவப்பை விழுங்கிவிடும். இங்கே மட்டும் சாய்வாக நிற்காதீர்கள். தடித்த அக்ரிலிக்கைச் சாய்த்து எடுத்தால் மீனின் ஓரங்களில் நிறக்கோடுகள் பிரியும். நேராக நின்று, ஃபிளாஷை அணைத்து எடுங்கள். ஃபிளாஷ் மீனுக்கும் ஆகாது.

20 விழுக்காடு விதி

சிங்கப்பூரில் கட்டடங்களின் வெளிமுகத்தில் பொருத்தும் கண்ணாடி பகல் வெளிச்சத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் பிரதிபலிக்கக் கூடாது என்று கட்டட விதி சொல்கிறது. சாலையில் போவோருக்கும் எதிர்வீட்டாருக்கும் கண் கூசாமல் இருக்க. அப்படியும் உயரக் கட்டடங்கள் திருப்பியனுப்பும் ஒளி நிழற்பக்கத்தில் நீலப் பச்சைத் திட்டுகளாக விழும். ராஃபிள்ஸ் பிளேஸில் எடுத்த உருவப்படத்தில் ஒரு கன்னம் மட்டும் பச்சையாக வந்தால், அந்தப் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். இரண்டடி தள்ளி நின்றால் சரியாகிவிடும்.

இரண்டு அடுக்கைப் பிரிக்கும் கணினி

2015-இல் எம்ஐடி, கூகிள் ஆய்வாளர்கள் ஒரு வழி காட்டினார்கள். கண்ணாடியின் முன் கேமராவைச் சற்றே நகர்த்திப் பல படங்கள் எடுத்தால் காட்சி ஒரு வேகத்திலும் பிரதிபலிப்பு வேறொரு வேகத்திலும் நகரும். அந்த வேறுபாட்டை வைத்துக் கணினி இரண்டையும் தனித்தனிப் படமாகப் பிரித்துவிடும். 2024 டிசம்பரில் அடோபி கேமரா ரா ஒரே படத்திலிருந்து பிரதிபலிப்பை நீக்கும் வசதியைச் சோதனையாகத் தந்தது.

நான் இவற்றை மதிக்கிறேன், ஆனால் ஒரு எல்லைக்குள். நிறச்சாயல் என்பது காட்சியின் மேல் படிந்த மெல்லிய திரை. அதைக் கணக்குப் போட்டு விலக்கலாம், அடியில் உண்மை இருக்கிறது. பிரதிபலிப்பு வலுவாக விழுந்து முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் அடியில் ஒன்றுமே பதிவாகியிருக்காது. கணினி அங்கே தானாக ஒன்றை வரைந்து வைக்கும். சுற்றுலாப் படத்துக்கு அது போதும். அரும்பொருளகத்தில் ஒரு செப்புப் பட்டயத்தின் எழுத்தை எடுக்கிறோம் என்றால், கணினி வரைந்த எழுத்தை யாரும் எழுத்தாகப் படிக்கக் கூடாது.

சுவரில் தாத்தா

பல வீடுகளில் நாகப்பட்டினத்திலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ கப்பலேறி வந்த முன்னோரின் ஒரே படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு தொங்குகிறது. அதைப் பிரதியெடுக்கச் சட்டத்தைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பழைய படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கக்கூடும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். முதலில் கண்ணாடி வழியாகவே ஒரு நல்ல பிரதி எடுத்துவிடுங்கள். சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் கிடத்தி, இரு பக்கமும் 45 டிகிரிச் சாய்வில் ஒரே மாதிரி விளக்குகள் வைத்து, கூரை விளக்கையும் ஃபிளாஷையும் அணையுங்கள். நடுவில் துளையிட்ட கறுப்பு அட்டையில் லென்ஸை நுழைத்து மேலிருந்து எடுத்தால் கேமராவின் பிம்பம்கூட விழாது. விளக்கு வசதி இல்லாதவர்களுக்கு 2016-இல் கூகிள் வெளியிட்ட போட்டோஸ்கேன் செயலி உண்டு. நான்கு மூலைகளை நோக்கிப் போனை நகர்த்தச் சொல்லும். ஒவ்வொரு படத்திலும் பளபளப்பு வேறு வேறு இடத்தில் விழுவதால், கறைபடாத பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்கித் தரும். பழுப்பு நிறத்தை முழுதாக நீக்கிவிடாதீர்கள். அதில் கண்ணாடி சேர்த்த பச்சை எவ்வளவு, அந்தக் காலத்துத் தாளிலேயே ஏறிய பழுப்பு எவ்வளவு என்று பார்க்க, சட்டத்துக்கு வெளியே ஒரு சாம்பல் அட்டையும் கண்ணாடிக்கு அடியில் படம் ஒட்டிய அட்டையின் வெள்ளை விளிம்பும் படத்தில் விழும்படி எடுத்துவையுங்கள்.